தலை எண்ணுகிறவன்

காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஆறே முக்காலுக்கு ஏற்றினேன்,
பதினான்கு பேர்.
யார் எவர் என்பது டிரிப் ஷீட்டில் இருக்கும்,
அது அஸ்மத் மேடத்தின் வேலை.
எனக்கு சீட் நம்பர் போதும்.
நான்கு, ஏசியைக் கூட்டச் சொல்லும்.
ஏழுக்கு வாந்தி.
பதினொன்று போளூர் அம்மா, மடியில் தூக்குவாளி,
கீழே வைக்கச் சொன்னேன், வைக்கவில்லை.

ஆற்காடு, டெல்லி கேட்.
ஐம்பது நாள் முற்றுகை நடந்த இடம்,
நமக்கு இருபது நிமிஷம் என்றார் மேடம்.
பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது.
நான்கு கேட்டது: கடைசியில் யார் ஜெயிச்சாங்க?
பதில் வருவதற்குள் பாதிப் பேர்
மக்கன் பேடா வாங்கப் போய்விட்டார்கள்.
அதற்கு முக்கால் மணி நேரம்.

விஷாரம் தாண்டும்போது தோல் வாடை.
சரியாக அந்த இடத்தில்தான் மேடம் மைக்கை எடுப்பார்.
தோல் வைத்த புதுத் தொப்பி,
காதில் கடுக்கன் கூடாது,
நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது.
இருநூறு தடவை கேட்டிருப்பேன்.
இருநூறு தடவையும் ஸ்டியரிங்கை விட்டு
என் ஒரு கை மீசைக்குப் போயிருக்கிறது.

கோட்டைக்குள் நான் வண்டியோடு நிழலில் நிற்பேன்.
இன்றைக்கு ஏழுக்குத் தலைசுற்றல், கைபிடித்துக் கூடப் போனேன்.
பந்தாடும் இடத்தில் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்களாம்.
எத்தனை பேர்?
நூறு பேர் என்று சொல்கிறார்கள்.
பேரெல்லாம் தெரியுமா?
மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.
நூறு பேர் என்கிறோம்,
அதில் ஒரு பேர் வாயில் வரவில்லை.
தமிழ் இப்படி மாட்டிவிடுமென்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எதிரே வெள்ளைக்காரக் கல்லறை.
அங்கே பேர் இருக்கிறது, பதவி இருக்கிறது,
சிலதில் வயசும் மாசமும்கூட.
ஒரு கல்லின்மேல் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

நினைவுத் தூண் மக்கான் சிக்னலில்.
அங்கே நிறுத்தினால் போலீஸ் ஃபைன்.
சிவப்பு விழுந்தால் அஞ்சலி,
பச்சை விழுந்தால் அஞ்சலி முடிந்தது.
இன்னொரு சுற்று போ என்றார் மேடம்.
போனேன். பச்சை.

கண்ணமங்கலம் சாலையில் உள்ளே திரும்பி
ஒரு ஊர், பள்ளிக்கூடச் சுவரில் பதித்த கல்.
இந்த ஊரிலிருந்து பெரும்போருக்குப் போனவர் 41,
உயிர் விட்டவர் 6.
அவ்வளவுதான் கல்.
பதினொன்று முன்னால் வந்து
ஆறின் சுழியில் விரல் வைத்துக் கேட்டது:
"இதுல எங்க ஆளு எது?"

அவர்கள் வீட்டில் வருஷாவருஷம்
மகாளய அமாவாசைக்கு ஒரு இலை கூடுதலாகப் போடுவார்களாம்.
செத்த தேதி தெரியாது, பேரும் மறந்துபோச்சு,
கப்பலேறிப் போன ஊர்தான் மிச்சம்.
பஸ்ராவுக்கு ஒரு இலை போடு,
பஸ்ராவுக்கு உப்பு பார்த்துப் போடு,
பஸ்ராவுக்கு உளுந்து வடைன்னா உசுராம்.
யாரு கண்டா, என்று சிரித்தார்.
தூக்குவாளியில் வடை.
ஒன்றைப் பிட்டுக் கல்லுக்குக் கீழே வைத்தார்,
மிச்சத்தை எங்களுக்கு.
ஏழுகூடத் தின்றது.

காட்பாடியில் இறக்கும்போது மணி எட்டரை.
எண்ணினேன். பதினான்கு.
அப்புறம் எதற்கோ டிரிப் ஷீட்டை வாங்கி
டேஷ்போர்டு வெளிச்சத்தில் பார்த்தேன்.
பத்து, பதினொன்று:
ஜெயவேலு, போளூர். கூட ஒருவர்.

அவர் படியேறிக்கொண்டிருந்தார்,
காலி வாளி கையில் ஆட.
ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம்.
பின்னால் டவுன் பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்தான்,
வண்டியை எடுத்தேன்.